இடப்பக்கத்து ஆள்

ராணுவ ஆட்சியை எதிர்த்துப் பசுந்தாங் தெருவை மறித்து நிற்கிறவர்களின் முன்வரிசையில், உச்சிவெயிலில் கொதித்துக்கொண்டு நிற்கிறாள் வரலாற்று டீச்சர் இன்ஷா. இடக்கையில் டிரம்மை வெட்டிச் செய்த தகரக் கேடயம். சிப்பாய்கள் சுட்ட ரப்பர் குண்டு அவள் வலத்தோளைக் கிழித்திருக்கிறது. வலப்பக்கம் நிற்கும் வெல்டர் தேவராஜ் தன் கேடயத்தை நெஞ்சோடு இழுத்துக்கொண்டதால் வந்த காயம் அது. “அந்தக் காலத்துக் கிரேக்கச் சிப்பாய் பிடிச்ச கேடயத்துல பாதி, இடப்பக்கத்து ஆளுக்கு. காலையில எத்தனை தடவை சொன்னேன், தேவராஜ் அண்ணே!” என்று கத்துகிறாள். “எனக்கும் உயிருதானே, டீச்சர்,” என்கிறான் அவன், நிமிர்ந்து பார்க்காமல். அவனை ஓங்கி அறைய வேண்டும்போல் இருக்கிறது அவளுக்கு. தெருமுனையில் துப்பாக்கிகள் மறுபடி உயர்கின்றன. அவளுக்கு இடப்பக்கம், தையல்காரி மா தீடா வெறுங்கையோடு வந்து நிற்கிறாள். ரத்தம் வடியும் தோளை அப்படியே விட்டுவிட்டு, பல்லைக் கடித்தபடி, கேடயத்தை மா தீடாவின் பக்கம் தள்ளிப் பிடிக்கிறாள் இன்ஷா.