மூன்றாவது டாங்கி

உலகோர் அறிக! 2004ஆம் ஆண்டு, பதுளை மஹ்ரூப் முதலாளியின் பெற்றோல் செட் கணினி யுகத்தில் காலடி வைத்தது.

பத்து மணிக்குத் திறப்புவிழா. பிழை வந்தால், கணினியைப் பொருத்த வந்த ஆரூரனுக்கு வேலை போய்விடும். ஒத்திகைக்காக அவன் கணினிக்குள் பெற்றோலுக்கு ஒன்று, டீசலுக்கு ஒன்று என இரண்டு பொய் எண்ணெய் டாங்கிகளை அமைத்தான். மூன்றாவதொன்றும் வந்து நின்றது. ஆறுமுறை அழித்தான், ஆறுமுறையும் வந்தது.

"நம்மகிட்ட ரெண்டுதானே தம்பி!" என்று கத்தினார் முதலாளி.

"ஐயோ முதலாளி, நான் வைக்கேல்ல!"

பட்டியலில் உள்ள டாங்கியையெல்லாம் காலையில் குச்சிவிட்டு அளப்பது பம்புக்கார இராசமணியின் கடமை. கணினி அச்சிட்ட புதிய பட்டியலைப் பார்த்து, அன்றும் அளந்துவிட்டு வந்தார்.

"மூணாவதுல நானூத்தி அஞ்சு லீற்றருங்க."

திரையிலும் 405. குச்சியில் மண்ணெண்ணெய் மணத்தது. வெளியே தரையில், குச்சி விடும் டாங்கி மூடிகள் இரண்டுதான் இருந்தன.