இன்றைக்கு எந்த வழி?

“இன்னைக்கு ஓடை வழியாவே போங்க. ஒண்ணும் ஆகாது” என்றாள் முக்குக் கடைப் பழனியம்மாள், சட்டியில் கடலையை வறுத்துக்கொண்டே.

வேலை முடிந்து வந்த ஐந்து பெண்களும் அப்பாடா என்று மூச்சு விட்டார்கள். ஒருத்தி பக்கத்தில் நின்ற கருப்பசாமி கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவர்களில் சிவனம்மாளுக்கு மட்டும் கோபம் பற்றிக்கொண்டு வந்தது.

ஐம்பத்தெட்டாம் வருஷத்து மார்கழி. ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். திண்டுக்கல் சுருட்டுக் கம்பெனியில் நாள் முழுக்கப் புகையிலை நரம்பு கிழித்துவிட்டு, சாணார்பட்டி ரோட்டில் இந்த முக்குக்கு வந்ததும் தினமும் அதே கேள்விதான். ஓடை வழியாகப் போனால் அரை மணியில் ஊர். ரோட்டைச் சுற்றினால் ஒன்றேகால் மணி.

ஓடைப் புதருக்குள் இருந்து எவனோ ஒருவன், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, பெண்கள் மேல் பாய்கிறான். நாலு மாதமாக இதே பாடு. அன்றிலிருந்து பழனியம்மாள் கைகாட்டுகிற வழிதான் வழி. அவள் வாக்கு இதுவரை பொய்த்ததில்லை. கருப்பசாமி முன்னால் பூக்கட்டிப் பார்த்துச் சொல்கிறாள், வெள்ளைப் பூ வந்தால் ஓடை, சிவப்பு வந்தால் ரோடு என்று பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

‘எவனோ ஒரு நாய்க்காக, நடக்கிறதுக்குக்கூடச் சாமிகிட்ட உத்தரவு வாங்கணுமா?’ சிவனம்மாள் பல்லைக் கடித்தாள். வீட்டில் ஆறு மாதக் குழந்தை பசித்து அழும். தென்னையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்த புருஷன் அதைத் தூக்கக்கூட முடியாமல் கிடப்பான். அவள் கூலி நின்றால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

கடை பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த ஊர்த் தலைவர் நாச்சிமுத்து தொண்டையைச் செருமினார்.

“நாளையிலேர்ந்து இந்தக் கேள்வியே வேணாம் ஆத்தா. ஊரு கூடிப் பேசியாச்சு. பொம்பளைக யாரும் கம்பெனிக்குப் போகக் கூடாது.”

“எதுக்கு மாமா?” என்றாள் சிவனம்மாள்.

“எதுக்கா? போன செவ்வாக்கெழம செபாஸ்தியம்மா கிழிஞ்ச சேலையோட ஓடி வந்தாளே, பாக்கலையா? அன்னைக்கு இவ பூவு எங்க போச்சு?”

பழனியம்மாள் நிமிரவில்லை. “அன்னைக்கு நான் இங்க இல்லைங்கய்யா. காய்ச்சல்னு திண்டுக்கல் ஆஸ்பத்திரியில கெடந்தேன்.”

கடைக்குப் பின்னால் பத்தடியில் அவள் வீடு. கல் சுவர், ஓட்டுக் கூரை. அவளும் பாரவண்டி ஓட்டும் மகன் பொன்னுத்துரையும்தான் அங்கே குடியிருந்தார்கள். வண்டி அவிழ்த்துப் போட்டிருந்தது, மாடுகள் வேப்பமரத்தடியில் அசைபோட்டுக்கொண்டிருந்தன, கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டுத் தொங்கியது.

“போலீசுல சொல்லலாம்ல மாமா? ஆம்பளைக நாலு பேரு ஓடையில காவல் இருக்கலாம்ல?” என்று மறுபடி கேட்டாள் சிவனம்மாள்.

“அவனவனுக்கு வேலை இல்லையாக்கும்? உங்கள வீட்டுல இருக்கச் சொல்றது லேசு.”

சிவனம்மாள் தலைவர் முன்னால் போய் நின்றாள். கையிலிருந்த தூக்குச்சட்டியை பெஞ்சில் ணங்கென்று வைத்தாள். தலைவர் காலைக் கீழே இறக்கிவிட்டார்.

“ஒருத்தன் மாமா! ஒரே ஒருத்தன்! அவனப் புடிச்சுப் பூட்டி வைக்க ஊருக்குத் துப்பில்ல. எங்க அம்புட்டுப் பேரையும் வீட்டுல போட்டுப் பூட்டுறீகளா? தப்புப் பண்ணுனது அவனா, நாங்களா?”

“ஏ புள்ள, வாயக் கொறை.”

“கொறைக்க மாட்டேன். எம் புள்ளைக்கு நீங்களா வந்து கஞ்சி ஊத்துவீக?”

கடலை தீய்ந்து புகைந்தது. பழனியம்மாள் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். சிவனம்மாளின் கோபம் அவள் பக்கம் திரும்பியது.

“நீயாச்சும் சொல்லு அத்தே. உன் கருப்பனுக்கு வழி மட்டுந்தான் தெரியுமா? ஆளத் தெரியாதா?”

பழனியம்மாள் சட்டியை இறக்கி வைத்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, அதிலிருந்த சாவியைச் சிவனம்மாளின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

“நான் ஒருநாளும் பூக்கட்டிப் பாத்ததில்ல புள்ள. இந்தக் கதவு பூட்டிக் கெடந்தா ஓடை. தெறந்து கெடந்தா ரோடு. அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும்.”

வீட்டுக்குள்ளிருந்து யாரோ கதவை எட்டி உதைத்தார்கள். பூட்டு குலுங்கியது. பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு பின்வாங்கினார்கள்.

நாச்சிமுத்து எழுந்து நின்றார். “உள்ள யாரு?”

பழனியம்மாள் அவரைப் பார்க்கவில்லை. சிவனம்மாளைத்தான் பார்த்தாள்.

“நீ பூட்டச் சொன்ன ஆளுதான். நான் பெத்தவன்.”