வேலிக்கு அந்தப் பக்கம்

"என்ன பிரேபென், இன்னைக்கும் அந்த வேலிதானா? ரோஜாப் பாத்தியில ஆளே இல்லைங்கறேன்!" என்றாள் லிஸ்பெத். ஊர்த் தோட்டத்தைப் பராமரிக்க வரும் தன்னார்வலர்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பவள் அவள்தான்.

"ஆரம்பிச்சதை முடிச்சுடறேனே," என்று பிரேபென் ரம்பத்தை எடுத்துக்கொண்டார்.

"இழுக்கறது வேலையா, இல்ல வேலிக்கு அந்தப் பக்கத்துக் குரலா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அறுபத்தோரு வயதில் பிரேபெனுக்குக் காது சிவந்தது.

"சுத்திக்கிட்டுப் போனா பத்து நிமிஷம். முகத்தைப் பார்த்துட்டு வந்துடலாமே?"

"வேண்டாம்," என்றார் அவசரமாக.

கடலிலிருந்து ஏறி வந்த பிப்ரவரி மூடுபனி தோட்டம் முழுக்கப் படுத்திருந்தது. மேல் தோட்டத்தையும் துறைமுகத் தோட்டத்தையும் பிரித்து நின்றது அந்தப் பழைய உயிர்வேலி. ஆறடி தடிமன். குளிரிலும் உதிராத செம்பு நிற இலைகள். அதன் நடுவே ஒரு வழி திறக்க வேண்டும். இந்தப் பக்கமிருந்து பிரேபென், அந்தப் பக்கமிருந்து ஒரு பெண். வியாழக்கிழமைதோறும் கிளை கிளையாக வெட்டி, ஒருவரை நோக்கி ஒருவர் வந்துகொண்டிருந்தார்கள்.

முதல் வாரம் அந்தக் குரல் கம்பளிக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. ஆறாவது வாரமான இன்று, மூச்சுக்கூடக் கேட்டது.

"வந்துட்டீங்களா?" என்றது குரல்.

"நான் வந்துட்டேன். முழங்கால்தான் இன்னும் பின்னாடி வந்துட்டிருக்கு."

இலைகளுக்குள் சிரிப்பு சலசலத்தது. கையுறை போட்ட கை ஒன்று கிளைகளுக்கு நடுவே நீண்டது. அதில் கிரீம் வைத்த பன்.

"நோன்புக்கு முந்தின இந்த மாசத்துல இதைச் சாப்பிடலைன்னா பாவம். பிடிங்க."

அவர் வாங்கிக்கொண்டார். எங்கோ ஒரு கரும்பறவை பாடியது. பனியில் எல்லாமே தூரத்தில் நடப்பது போலவும், நடக்காதது போலவும் இருந்தது.

"போன வாரம் ஏதோ சொல்ல வந்து நிறுத்திட்டீங்க," என்றது குரல்.

பிரேபென் வெகுநேரம் அறுத்துக்கொண்டே இருந்தார். பிறகு ரம்பத்தை நிறுத்தினார்.

"எங்கப்பா கடைசி நாள்ல ஆஸ்பத்திரியில கிடந்தப்ப, இதோ வர்றேன்னு போன்ல சொன்னேன். வாசல் வரைக்கும் போனேன். உள்ள போகல. கார்லயே உட்கார்ந்திருந்துட்டுத் திரும்பிட்டேன். பத்தொன்பது வருஷமாச்சு."

"ஏன்?"

"பயம். அவர் சாகறதைப் பார்க்கப் பயம். வேற ஒண்ணுமில்ல."

அந்தப் பக்கத்திலும் ரம்பம் நின்றது.

"இதை யார்கிட்டயுமே சொல்லலையா?"

"முகத்தைப் பார்த்துச் சொல்ல வரல. வீட்ல கல்நெஞ்சுக்காரன்னாங்க, பேச்சையே விட்டுட்டாங்க. சரி, அப்படியே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

துறைமுகத்தில் ஒரு படகு நீளமாக ஊதி ஓய்ந்தது. போய்விட்டாளோ என்று நினைத்தார்.

"வாசல் வரைக்கும் வந்தீங்களா?" என்றது குரல், மிக மெல்ல.

"வந்தேன்."

அவ்வளவுதான் பேச்சு. மிச்சம் இருந்தது ஒரே ஒரு கிளை, கை தடிமன். இரண்டு பக்கமிருந்தும் அறுத்தார்கள். இருவருமே அவசரப்படவில்லை. மரத்தூள் பனியோடு கலந்து மிதந்தது.

காபிக் குடுவையோடு லிஸ்பெத் வந்து சேரவும், கிளை முறிந்து விழவும் சரியாக இருந்தது.

திறப்பில் நீலக் கம்பளித் தொப்பி போட்ட ஒரு பெண் நின்றாள். கண் கலங்கியிருந்தது. பிரேபென் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார்.

"அப்பாடா, ஒருவழியா முகம் தெரிஞ்சுது!" என்றாள் லிஸ்பெத். "அறிமுகம் பண்ணி வெக்கட்டுமா? இவர்தான் பிரேபென். இவங்க—"

"அறிமுகமா?" அந்தப் பெண் குனிந்து நுழைந்து வந்து, அவர் தலையில் ஒட்டியிருந்த இலையை எடுத்தாள். "கைக்குழந்தையில இவனைத் தள்ளுவண்டியில வெச்சுத் தள்ளினதே நான்தான். குரலை முதல் வாரமே கண்டுபிடிச்சுட்டேன்டா, தம்பி."

"இந்தத் தோட்டத்துப் பட்டியல்ல உன் பேரைப் பார்த்ததுக்கு அப்புறம்தான் நான் வாழ்க்கையிலேயே முதல் தடவையா ரம்பம் பிடிச்சேன், அக்கா," என்றார் பிரேபென்.