ஓட்டைக் காலணா

வில்லியனூர் பஸ் நிறுத்தத்தில், காஜா மொய்தீனின் பெட்டிக்கடை வாசலில் நிற்கும் எடை மெஷினில் பட்டப்பகலிலும் சிவப்பு விளக்குகள் சுழல்கின்றன. மெஷின் முதலாளி வரதராஜுலு நீட்டிய விரலை இன்னும் மடக்கவில்லை. எடைச் சீட்டு நானூறு போயிருக்கிறது, பத்துக் காசு இருநூறுதான் விழுந்திருக்கிறது. ஆகவே கடைக்காரர் மெஷினின் காசுப்பெட்டிக்குக் கள்ளச்சாவி போட்டுவிட்டார் என்கிறார். போலீசுக்கு எழுதிய மனு அவர் சட்டைப்பையில் எட்டிப் பார்க்கிறது. ஊரே கூடிவிட்டது, இதற்கெல்லாம் நாங்கள் பஸ்ஸைத் தவறவிடத் தயங்குவதில்லை. காஜா மொய்தீனின் மனைவி ரஹீமாதான், இடுப்பில் இருக்கும் குழந்தையின் அரைஞாணிலிருந்து வெள்ளைக்காரன் காலத்து ஓட்டைக் காலணாவை அவிழ்க்கிறாள். பொட்டலம் கட்டும் நூலை ஓட்டையில் கோக்கிறாள். "வூட்டுக்குப் போ ரஹீமா" என்கிற புருஷனை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மெஷின் மேல் ஏறிக் காலணாவைக் காசு போடும் இடுக்கில் இறக்குகிறாள். டங். சீட்டு விழுகிறது. நூலை இழுக்கிறாள்; காலணா வெளியே வந்து ஆடுகிறது. மறுபடியும் டங். மூன்றாவது சீட்டையும் முதலாளியின் உள்ளங்கையில் வைக்கிறாள். "இன்னாங்க, இதுக்கு எந்தக் கள்ளச்சாவி வேணும்?"

முதலாளி மனுவை நான்காகக் கிழிக்கிறார். "இந்த வித்தை ஊர்ல வேற யாருக்கும்மா தெரியும்?"

ரஹீமா எங்கள் பக்கம் திரும்புகிறாள். ஆளாளுக்கு வராத பஸ்ஸை எட்டிப் பார்க்கிறோம். கூட்டத்தில் நிற்கும் பவுனம்மாள் மட்டும் அவசரமாகத் தன் பேத்தியின் அரைஞாணை முந்தானையால் மூடுகிறாள்.