கையெழுத்து ஏன் மாறியது

மூன்றாவது தடவை உள்ளே வந்தவனுக்கு, அதுவும் பதினான்கு வருடத் தண்டனைக்காரனுக்கு, பரோல் வேண்டுமென்றால் திருந்தியதற்கு அடையாளம் காட்டச் சொன்னார்கள். கல்லுடைத்துக் காய்த்துப்போன கையை வைத்துக்கொண்டு சிறைப் பள்ளியில் நான்கு வருடம் எழுத்துப் படித்தேன். மகள் இசக்கியம்மாளின் கல்யாணத்துக்கு மூன்று நாள் கேட்டு, விண்ணப்பத்தின் அடியில் மாசானம் என்று நானே கையெழுத்துப் போட்டேன். விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது.

“பழைய ஃபைல்ல பூரா கைநாட்டு. இது யாரு போட்ட கையெழுத்து?” என்றார் சிறை எழுத்தர்.

“நான்தான் சார். இப்ப எழுதத் தெரியும்லா.”

“மூணு கேஸ்காரன், யார் கையெழுத்தையும்தான் போடுவ.”

“அப்ப கைநாட்டே வைக்கேன். மைய இங்கிட்டு நகட்டுங்க.”

“எழுதத் தெரிஞ்சவன் கைநாட்டு செல்லாதுய்யா.”

கல்யாணம் வெள்ளிக்கிழமை. அன்று புதன்.

“பெறவு என்னதான் சார் செய்யச் சொல்லுதிய?”

“கையெழுத்து ஏன் மாறிச்சுன்னு விளக்கம் எழுதிக் குடு. மேல அனுப்புதேன்.”

அவர் மேசையிலேயே குனிந்து, வியர்க்க வியர்க்க முக்கால் பக்கம் எழுதினேன். எதிரே உட்கார்ந்து அவர் டீ குடித்து முடித்தார். தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கொஞ்சம் கனிவாகவே கேட்டார்:

“நல்லாத்தான் இருக்கு. யாருய்யா எழுதிக் குடுத்தா?”

நான் இன்னொரு தாள் கேட்டேன்.