முதல் பெஞ்சு

வகுப்புக்கு வெளியே, ஜன்னல் ஓரமாக, பஸ் ஓட்டும் உடுப்போடு அம்மா நின்றிருந்தாள்.

அடுத்த நடைக்கு வண்டியை எடுக்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அதற்குள் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லியாக வேண்டும். வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருந்தாள்.

ஐந்தாம் வகுப்பில் படிக்கும் சின்னவளைக் கணக்குப் பாடத்துக்கு மட்டும் எட்டாம் வகுப்புக்கு அனுப்பலாம் என்கிறது பள்ளிக்கூடம். பெருமைதான். ஆனால் அது பெரியவன் படிக்கும் வகுப்பு.

"சின்னவளுக்கு நல்லதுதான் டீச்சர், இல்லைங்கல. ஆனா அவன் ஏற்கெனவே கணக்குல தடவுறான். தங்கச்சி வந்து பக்கத்துல டக்கு டக்குன்னு விடை சொன்னா நொந்துபோயிடுவான்."

கணக்கு டீச்சர் சிரித்தார். "ஒரே ஒரு பீரியட் நின்னு பாருங்கம்மா. அப்புறம் நீங்க சொல்றதுதான்."

மணி அடித்தது. சின்னவள் வாசலில் வந்து நின்றாள். முதுகுப் பைதான் தெரிந்தது; ஆளைத் தேட வேண்டியிருந்தது.

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

கடைசி வரிசையிலிருந்து ஒருவன் பெரியவனின் தோளை இடித்தான். "டேய், உன் தங்கச்சி வந்துட்டாடா. இனிமே வீட்டுலயும் வாங்கிக் கட்டிக்கணும், இங்கயும் வாங்கிக் கட்டிக்கணும்."

பெரியவன் பையை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

வெளியே போகப் போகிறான், கடவுளே, என்று அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

திறந்தபோது அவன் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். எந்த வகுப்பிலும் கடைசி வரிசையை விட்டு அசையாதவன். பக்கத்தில் சின்னவள். அவள் கால் தரைக்கு எட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் குனிந்து, தன் பையை அந்தக் காலடியில் நகர்த்தி வைத்தான்.

சின்னவள் அவனைப் பார்க்கக்கூட இல்லை. கால் ஊன்றியதும் பென்சிலை எடுத்துக்கொண்டாள்.

பலகையில் ஒரு கணக்கைப் போட்டுவிட்டு டீச்சர் வெளியே வந்தார்.

"போன வருஷமே இவ இதுக்கு வச்ச எல்லாப் பரீட்சையும் தாண்டிட்டாம்மா. நான்தான் இப்ப வேண்டாம்னு நிறுத்தி வச்சேன்."

"ஏன் டீச்சர்?"

"கணக்கு வந்தா மட்டும் போதுமா? பெரிய பிள்ளைங்களுக்கு நடுவுல தனியா உட்காரணும். யாராவது கேலி பண்ணினா, அந்தக் குழந்தை தனக்குத் தெரிஞ்சதைக்கூட வாயைத் திறந்து சொல்லாது. பக்கத்துல ஒரு ஆள் வேணும். அந்த ஆள் கிடைக்கட்டும்னு காத்திருந்தேன்."

உள்ளே பெரியவன் தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். சின்னவள் அவன் தாளின் ஓரத்தில் எதையோ வரைந்து காட்டினாள். அவன் உதட்டைப் பிதுக்கினான். அவள் அதை அழித்துவிட்டு வேறு மாதிரி வரைந்தாள். இந்த முறை அவன் மெல்லத் தலையாட்டினான்.

"போன வாரம் ஒரு கணக்குக் குடுத்தேன். யாருக்கும் வரல. உங்க பையன் எழுந்து வந்து பலகையில போட்டான். நான் சொல்லிக் கொடுத்த வழியே இல்ல அது, ஆனா விடை சரி. கிளாஸே கைதட்டுச்சு."

அம்மா திரும்பிப் பார்த்தாள். இதை அவன் வீட்டில் சொல்லவே இல்லை.

"அவனுக்குக் கைதட்டினது அதுதான் முதல் தடவை. முகமெல்லாம் சிவந்துபோச்சு. பேசாம போய் உட்கார்ந்திருக்கலாம். ஆனா உட்காரல."

"என்ன பண்ணினான்?"

டீச்சர் சாக்பீஸ் தூளைக் கையிலிருந்து தட்டிவிட்டார்.

"எல்லார் முன்னாடியும் சொன்னான்: 'இது நான் கண்டுபிடிச்சது இல்ல டீச்சர். என் தங்கச்சி சொல்லிக் குடுத்தது. அவளை இங்க கூட்டிட்டு வாங்க. நான் பக்கத்துல உட்கார்ந்துக்கறேன்.'"