முழங்கால் செய்தி

நாளை தொடங்கும் உள்ளரங்க டென்னிஸ் வாரத்துக்கு முன்னோட்டம் எழுதிக்கொண்டிருந்தார் நிருபர். போன் அடித்தது. ஆட்டக்காரன்.

“அண்ணே, எனக்கு முழங்கால் போச்சுன்னு எழுதிடுங்க.”

“குதிரை மாதிரி ஓடுறே, ஏன்டா?”

“முதல் ரவுண்டுல தோத்துடுன்னு சூதாட்டக் கும்பல் மிரட்டுதுண்ணே. நான் நொண்டின்னு பேப்பர்ல வந்தா எம்மேல ஒருத்தனும் பந்தயம் கட்டமாட்டான். நான் தோத்தாலும் அவனுங்களுக்கு லாபமில்ல. விட்டுத் தொலைச்சிடுவானுங்க.”

நிருபர் தலை தூக்கி எதிரே பார்த்தார்.

“அண்ணே, உங்களைத்தான் நம்பியிருக்கேன்.”

“எழுதுறேன்டா.” நிருபர் போன் ஸ்பீக்கரை அணைத்தார்.

பையனைப் புகழ்ந்து எழுதச் சொல்லிக் காலையிலிருந்து எதிரே உட்கார்ந்திருந்த கும்பல்காரன் சோம்பல் முறித்து எழுந்தான்.

“பையன் சொன்னபடியே எழுதுங்க சார். பேப்பர் வர்றதுக்குள்ள நெசமாக்கிடுறேன்.”